மினிக்கு ஸ்டார்ட்டர் மாற்றப் போகிறீர்களா? முதலில் பின்பக்கம் வாங்க

சாவியைத் திருப்பினால் ‘டக்’. மறுபடி திருப்பினால் மறுபடி ‘டக்’. பழைய மினி கார் வைத்திருப்பவர் யாருக்கும் இந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரில் செந்தூல் பக்கமோ ஜாலான் ஈப்போ பக்கமோ ஏதாவது ஒரு வயர்மேன் (கார் மின்சார வேலை பார்ப்பவர்) கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், “ஸ்டார்ட்டர் போச்சுண்ணே, புதுசு போட்டுருவோம்” என்ற பதில் கையோடு கிடைக்கும். புதுசு போட்ட பிறகும் அதே ‘டக்’ வந்தால்தான் வயிறு எரியும்.

இந்தக் காடியில் ஸ்டார்ட்டர், அதாவது எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார், கெடுவது குறைவு, ஸ்டார்ட்டர் வரைக்கும் மின்சாரம் ஒழுங்காக வராததுதான் அதிகம் என்பது என் கணிப்பு. அமைப்பே அப்படி. 1959-இல் வெளிவந்த மினியில், சுமார் மூன்று மீட்டர் நீளத்துக்குள் நான்கு பேரை உட்கார வைக்க வேண்டும் என்று அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதற்கு அடியிலேயே வைத்துவிட்டார். பேட்டரியை முன்னால் வைக்கவில்லை. அது பின்னால் போனது. ஸ்டார்ட்டரோ கிரில்லுக்கு நேர் பின்னே, எஞ்சினின் முன்பக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே காடியின் முழு நீளத்துக்கும் ஒரு கேபிள்.

(மேனுவலைப் பார்த்து வேலை செய்பவர்களுக்கு: நாம் இங்கே ‘போனட்’ என்பது பின்பக்கச் சாமான் பெட்டியை. இங்கிலாந்து மேனுவலில் போனட் என்றால் எஞ்சினுக்கு மேலே இருக்கும் முன்மூடி. இதில் குழம்பிப் பேட்டரியை முன்னால் தேடினால் கிடைக்காது.)

அந்தக் கேபிளைப் பற்றி ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் மூன்றரை மீட்டர், செம்புக் கம்பி 25 சதுர மி.மீ என்று வைத்துக்கொண்டால் அதன் மின்தடை சுமார் 0.0024 ஓம். எஞ்சினைச் சுழற்ற 150 ஆம்பியர் ஓடும்போது வழியில் தொலைவது 0.36 வோல்ட். பரவாயில்லை. யாரோ சிக்கனம் பிடித்து 16 சதுர மி.மீ கேபிள் போட்டிருந்தால் 0.56 வோல்ட் தொலையும். அதையும் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கேபிள் முனையைப் போல்ட்டில் மாட்ட உதவும் உலோக லக்குக்குள் பச்சை பூத்து, அந்த ஒரே ஓர் இணைப்பு மட்டும் 0.01 ஓம் தடை காட்டினால் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். 1.5 வோல்ட்டை 150 ஆம்பியரால் பெருக்கினால் 225 வாட். நான்கு சோல்டரிங் இரும்பின் சூடு கட்டைவிரல் அளவு இடத்தில். அதனால்தான் மீட்டர் கையில் இல்லாத நேரத்தில்கூட ஒரு சோதனை செய்யலாம்: ஐந்து வினாடி சாவியைப் பிடித்துவிட்டு, ஒவ்வோர் இணைப்பாகக் கையால் தொட்டுக்கொண்டே வாருங்கள். சுடுகிற இணைப்புதான் திருடன்.

மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். முதலில் இக்னிஷன் காயிலுக்கு வரும் வெள்ளை வயரைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் சுற்ற வேண்டும், பிடித்துக்கொள்ளக் கூடாது. ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.4-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள், பாதி காங் ஆன பேட்டரியை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. சார்ஜ் ஏறிய பிறகு இன்னொருவரைச் சாவியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஸ்டார்ட்டர் இழுக்கும்போது மட்டும் நான்கு இடத்தில் அளக்க வேண்டும்.

பேட்டரியின் இரண்டு குமிழ்களுக்கு இடையே: 10 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். 9.6-க்குக் கீழே இறங்கினால் ஒன்று பேட்டரி கிழம், அல்லது ஸ்டார்ட்டர் உள்ளுக்குள் பிடித்துக்கொண்டு மின்சாரத்தை விழுங்குகிறது. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் லைவ் (பாடியோடு சேராத) குமிழிலும் மறுமுனையை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டிலும் வையுங்கள்: 0.5 வோல்ட் வரைக்கும் சரி. மூன்றாவதாக, ஸ்டார்ட்டரின் இரும்பு உடம்புக்கும் பேட்டரியின் எர்த் (பாடியோடு சேர்ந்த) குமிழுக்கும் நடுவே: 0.3-ஐத் தாண்டக் கூடாது. கடைசியாக, சாவி போட்டதும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்சான சொலினாய்டின் இரண்டு பெரிய முனைகளுக்கு நடுவே: சாவி போடும் முன் 12 வோல்ட், சாவி போட்டதும் 0.2-க்குள் விழ வேண்டும். ‘டக்’ கேட்டும் இந்த அளவு 12-லேயே நின்றால் சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தகடு கருகிவிட்டது. ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம், சொலினாய்டை மட்டும் மாற்றினால் போதும்.

மீட்டர் முனையைக் குமிழின் ஈயத்தில் வைக்க வேண்டும், அதன் மேல் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் அல்ல. கிளாம்ப்புக்கும் குமிழுக்கும் இடையில்தான் குற்றம் இருக்கிறது என்றால், கிளாம்ப்பில் வைத்து அளப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

மூன்றாவது அளவுதான் மினியில் அடிக்கடி தப்பும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினிலிருந்து பாடிக்கு மின்சாரம் திரும்பிப் போக ஒரு பின்னல் பட்டை உண்டு. வருடத்தைப் பொறுத்து அதன் இடம் மாறும், கிளட்ச் பக்கம் பார்த்தால் பெரும்பாலும் அகப்படும். கிளட்ச் வேலை பார்த்தவர் அதைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார், அல்லது புதுப் பெயிண்ட் மேலேயே வைத்து முடுக்கியிருப்பார். அப்போது மின்சாரம் கிடைத்த வழியில் திரும்பும்: சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள். ஸ்டார்ட் பண்ணும்போது டேஷ்போர்டில் சோக் குமிழ் சுடுகிறது, லேசாகப் பிளாஸ்டிக் வாடை வருகிறது என்றால் வேறு எதையும் ஆராய வேண்டாம். பட்டையை மாற்றுங்கள், தொடும் இடத்தைப் பளபளவென்று சுரண்டுங்கள். அந்த ஒரு பட்டைக்காக நல்ல ஸ்டார்ட்டரைத் தூக்கி எறிந்தவர்கள் நிறைய.

கேபிளை மாற்றுவதா வேண்டாமா என்று தெரிய, லக்கை ஒட்டி ரப்பர் உறையை இரண்டு விரல் அகலம் கீறிப் பாருங்கள். உள்ளே கம்பி புதுச் செம்பு நிறத்தில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். நம் ஈரத்துக்கு, அதுவும் பினாங்கில் கடலோரத்தில் நிறுத்தும் காடி என்றால், கம்பி கறுத்து, நகத்தால் கீறினால் பச்சைப் பொடி உதிரும். அந்தக் கருமை ஓர் அடி உள்ளே வரைக்கும் ஏறியிருக்கும்; முனையை மட்டும் வெட்டிப் புது லக் போடுவது வீண் வேலை. முழுக் கேபிளையும் 35 சதுர மி.மீ-இல் மாற்றி, லக்கை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தச் சொல்லி, உள்ளே பசை தடவிய சுருங்கும் குழாயால் மூடுங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கும் லக்கை ஒத்துக்கொள்ளாதீர்கள். காடிக்கு அடியில் கேபிளைப் பிடித்திருக்கும் கிளிப் ஒன்றுகூட விடுபடக் கூடாது. தொங்கும் கேபிள் எக்ஸாஸ்டில் பட்டால் உறை உருகும். அந்தக் கேபிளுக்கு நடுவில் ஃபியூஸ் எதுவும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அளவுகள் எல்லாம் சரி, இன்னும் ஓடவில்லை என்றால்

இப்போது ஸ்டார்ட்டரைச் சந்தேகப்படலாம். பழைய மினியில் இருப்பது லூகாஸ் எம்35 வகை. இதில் பல்லைத் தள்ளிவிடத் தனிக் கருவி கிடையாது. ஷாஃப்ட்டில் திருகு போல மரை வெட்டியிருக்கும். மோட்டார் திடீரென்று வேகம் எடுக்கும்போது பெண்டிக்ஸ் பல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கி, மரையில் வழுக்கிப் போய் எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீலின் விளிம்பில் உள்ள பல்வளையமான ரிங் கியரைக் கவ்வும். எஞ்சின் பிடித்ததும் ரிங் கியர் வேகமாகச் சுற்றி அதைத் திருப்பி எறிந்துவிடும். எளிமையான ஏற்பாடு, ஆனால் பேட்டரி சோம்பலாக இருந்தால் மோட்டார் மெதுவாகவே வேகம் எடுக்கும், பல் போய்ச் சேராது. ‘ஊய்ய்’ என்று ஸ்டார்ட்டர் மட்டும் தனியே சுற்றும்.

அதே ‘ஊய்ய்’ பெண்டிக்ஸ் அழுக்கானாலும் வரும். கிளட்ச் தூளும் எண்ணெயும் சேர்ந்து மரையில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, வெறுமனே மாட்டுங்கள். கிரீஸ் வேண்டாம். வழுக்கட்டுமே என்று கிரீஸ் தடவினால் இரண்டு மாதத்தில் அதே தூள் அதிலே ஒட்டி, திரும்பவும் முதலிலிருந்து.

பல் மாட்டிக்கொண்டு எஞ்சினும் நகராமல் மோட்டாரும் நகராமல் நின்றுவிட்டால், சாவியை எடுத்துவிட்டு நான்காவது கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, காடியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்டார்ட்டரின் பின்முனையில் சதுரமாக ஒரு ஷாஃப்ட் முனை இருக்கும். சிலவற்றில் சின்ன மூடி போட்டிருக்கும். அதை ஸ்பானரால் திருப்பலாம். அடிக்கடி மாட்டுகிறது என்றால் ரிங் கியரைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது கம்ப்ரஷன் தடுப்பதால் ஏறக்குறைய ஒரே இரண்டு நிலைகளில்தான் நிற்கும். ஆகவே பற்கள் வட்டம் முழுக்கத் தேயாது. எதிரெதிராக இரண்டு இடத்தில் மட்டும் தேயும். “சில நாள் பிடிக்குது, சில நாள் பிடிக்கல” என்ற புகாரின் மூலம் பெரும்பாலும் இதுதான்.

பழைய ஸ்டார்ட்டரையே பழுது பார்ப்பதற்கு நான் எதிரி இல்லை. நல்ல வயர்மேன் கிடைத்தால் அதுதான் மலிவு. ஆனால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். கார்பன் பிரஷ் ஸ்டார்ட்டருக்கு உரியதாக இருக்க வேண்டும். அதில் செம்பு அதிகம் கலந்திருக்கும். டிரில் மெஷின் பிரஷ்ஷைத் தேய்த்து அளவாக்கிப் போட்டால் கருகிப் போகும். இரண்டாவது, பின்னால் வந்த எம்35ஜே மாடலில் ஃபீல்டு காயில் (காந்தமாகும் சுருள்) அலுமினியத்தில் சுற்றியிருப்பார்கள். அலுமினியத்தில் ஈயப்பற்று ஒட்டாது. பழைய பிரஷ் வயரை அடியோடு வெட்டாமல் ஒரு கால் அங்குலம் செம்புத் துண்டை விட்டு வெட்டி, அந்தத் துண்டில்தான் புது பிரஷ்ஷைப் பற்றவைக்க வேண்டும். இது தெரியாதவர் அடியில் வெட்டிவிட்டால் காயிலே போச்சு. மூன்றாவது, ஷாஃப்ட் உட்காரும் வெண்கல புஷ். இது எண்ணெயைக் குடிக்கும் துளைகள் உள்ள வகை. மாட்டுவதற்கு முன் ஒரு முழு நாள் எஞ்சின் ஆயிலில் ஊறப்போட வேண்டும். உலர்ந்த புஷ் சீக்கிரம் தேயும், சுழலும் பகுதியான ஆர்மேச்சர் சாய்ந்து, காயிலைத் தாங்கும் இரும்பில் உரசும். பிரஷ் உரசும் செம்புத் தகட்டு வட்டமான காமுட்டேட்டரைத் துடைக்க மெல்லிய கண்ணாடித் தாள் போதும். எமரி தாள் கூடாது, அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும். டைனமோவுக்குச் செய்வதுபோல் தகடுகளுக்கு இடையே உள்ள மைக்காவை அறுக்கவும் வேண்டாம்.

புதுசு வாங்குவது என்று முடிவானால்

இன்று பலர் வாங்குவது கியர் வைத்த, காந்தம் வைத்த, சின்ன உருவ ஸ்டார்ட்டர். கனம் குறைவு, மின்சாரம் குறைவாக இழுக்கும், எஞ்சினை நன்றாகச் சுற்றும். பல்லைத் தள்ள மேலேயே ஒரு சொலினாய்டு இருக்கும். நல்ல சாமான்தான். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு முன் இரண்டு கேள்விக்கு விடை வேண்டும்; தவறான சாமானைத் திருப்பி அனுப்பும் கூலியில் பாதி ஸ்டார்ட்டர் வாங்கிவிடலாம்.

முதல் கேள்வி, ரிங் கியரில் எத்தனை பல்? மினியில் பழைய பெண்டிக்ஸ் வகைக்கு 107 பல், பின்னால் வந்த சொலினாய்டு வகைக்கு 129. இரண்டுக்கும் பல் அளவு வேறு. 107-இன் பல் கண்ணுக்கே பருமனாகத் தெரியும். தவறானதை மாட்டினால் ஹவுசிங்கில் அழகாக உட்காரும், போல்ட்டும் ஏறும், சாவி போட்டதும் சோளம் அரைக்கிற மாதிரி சத்தம் வரும். பத்து தடவைக்குள் ரிங் கியர் காலி. இந்த வயதுக் காடியில் எஞ்சின் ஒரு தடவையாவது மாறியிருக்கும், ‘வருடம் இது, ஆகவே பல் இத்தனை’ என்று ஊகிக்காதீர்கள். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு பல்லுக்கு வெள்ளைப் பெயிண்ட் தொட்டு, நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு, நான்காவது கியரில் காடியை மெல்லத் தள்ளிக்கொண்டே எண்ணுங்கள். ஒருவர் தள்ள ஒருவர் எண்ண, கால் மணி நேர வேலை. எண்ணும்போதே பற்களின் முனை உடைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

107 பல்லுக்கே பொருந்தும் கியர் ஸ்டார்ட்டரும் விற்கிறார்கள். ஸ்டார்ட்டருக்காக மட்டும் ரிங் கியரை மாற்ற நினைப்பவர்களிடம் நான் அதைத்தான் சொல்வேன். மினியில் ரிங் கியருக்குப் போவது என்றால் ஃபிளைவீலைப் புல்லர் வைத்து இழுக்க வேண்டும். அதற்கு முன் கிராங்க் முனையில் உள்ள வெட்டுக் குறி படுக்கைவாட்டில் இருக்கும்படி திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ‘சி’ வடிவ வாஷர் நழுவி விழுந்து மாட்டிக்கொள்ளும், புல்லரை இழுக்க இழுக்க அதை நசுக்கும். கிளட்ச் வேலையோடு சேர்த்துச் செய்தால் சரி, தனியாகச் செய்வது தண்டம்.

இரண்டாவது கேள்வி, பேட்டரியில் எந்த முனை பாடியில் இருக்கிறது? 1969-க்கு முந்தைய மினி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பாசிட்டிவ் எர்த். பழைய லூகாஸ் ஸ்டார்ட்டருக்கு இதைப் பற்றிக் கவலை இல்லை. அதில் காந்தமும் சுருள்தான், ஆர்மேச்சரும் சுருள்தான். பேட்டரியைத் திருப்பிப் போட்டால் இரண்டும் சேர்ந்து திரும்பும், சுற்றும் திசை மாறாது. நிரந்தரக் காந்தம் வைத்த புது ஸ்டார்ட்டர் அப்படியில்லை. காந்தம் மாறாது, ஆர்மேச்சர் மட்டும் மாறும், மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். பல்லுக்குப் பின்னால் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் இருப்பதால் அது வழுக்கிவிடும். ஆக, சாவி போட்டால் சொலினாய்டு தள்ளும், மோட்டார் கீச்சென்று சுற்றும், எஞ்சின் ஓர் அங்குலம்கூட அசையாது. பார்ப்பவர் “புது ஸ்டார்ட்டர் டப்பா” என்பார். சாமான் நன்றாகத்தான் இருக்கிறது, மின்சாரம்தான் தலைகீழ்.

இதற்காக நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது பெரிய வேலை இல்லை: பேட்டரியைத் திருப்புவது, இக்னிஷன் காயிலின் இரண்டு வயரை இடம் மாற்றுவது, டைனமோவிலிருந்து வயர்களைக் கழற்றிவிட்டு அதன் ‘எஃப்’ முனையைப் பேட்டரியின் லைவ் முனையோடு இரண்டு மூன்று தடவை ஒரு நொடி தொட்டு எடுப்பது, அவ்வளவே. டைனமோவைத் தொடாமல் விட்டால் அது பழைய திசையிலேயே மின்சாரம் தரும், டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட் கருகும். முன்பே யாராவது மாற்றியிருக்கவும் கூடும், அதனால் பேட்டரியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

எந்த எர்த் ஆனாலும், பாடிக்குப் போகும் கேபிளைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். லைவ் பக்கத்தை முதலில் பிடித்தால் ஸ்பானர் பாடியில் படும் ஒரு நொடியில் தீப்பொறி.

கிரில்லின் ஸ்குரூக்களை எடுத்து கிரில்லை இறக்கிவிடுங்கள். சிலர் இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டு மேலிருந்தே கை விட்டுப் போராடுவார்கள். பத்து நிமிடம் மிச்சம் பிடித்து ஒரு மணி நேரம் தொலைப்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் எடுத்து ஓரமாக வைத்தால் கை தாராளமாகப் போகும்.

ஸ்டார்ட்டரின் கேபிள் போல்ட்டில் இரண்டு நட் இருக்கும். உள் நட்டை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு வெளி நட்டைத் திருப்புங்கள். பிடிக்காமல் திருப்பினால் போல்ட்டே சுழன்று உள்ளே காயில் இணைப்பு முறியும். புது ஸ்டார்ட்டரை மாட்டும்போதும் இதே கவனம் வேண்டும்.

ஸ்டார்ட்டரைப் பிடித்திருப்பவை இரண்டே போல்ட், தலை 9/16 அங்குலம். மி.மீ கணக்கில் 14.29. பதினான்கு உள்ளே போகாது, பதினைந்து வழுக்கித் தலையை உருட்டிவிடும். கையில் அங்குல ஸ்பானர் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். கீழ் போல்ட்டை முதலில் எடுத்துவிட்டு, ஒரு கையால் ஸ்டார்ட்டரைத் தாங்கிக்கொண்டு மேல் போல்ட்டை எடுங்கள். லூகாஸ் நல்ல கனம். எதிர்பாராமல் விட்டால் விரல் கியர்பாக்ஸுக்கும் அதற்கும் நடுவில்.

போல்ட் தொலைந்துபோனால் நம் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் தயங்காமல் எடுத்துக் கொடுப்பது மெட்ரிக் எம்10. மினியில் இருப்பது 3/8 அங்குல யூஎன்சி, விட்டம் 9.53 மி.மீ, மரை இடைவெளி 1.59. எம்10-க்கு 10 மி.மீ, 1.5. இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அதற்கு மேல் நீளக் கம்பி போட்டு முடுக்கினால் அலுமினிய ஹவுசிங்கின் மரை சீவலாக வெளியே வரும். வந்துவிட்டால் புது மரை தரும் ஹெலிகாயில் சுருள் போடுவதைத் தவிர வழியில்லை.

பழையதையும் புதியதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போல்ட் ஓட்டைகளின் இடைவெளி ஒன்றா? பல்லின் உருவம் ஒன்றா? ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து பல் வரைக்கும் தூரம் எவ்வளவு? வகை மாறினால் அந்தத் தூரமும் மாறலாம். முக்கியம், ஓய்வில் இருக்கும்போது பல் ரிங் கியரைத் தொடக் கூடாது. பிறகு ஃபிளாஞ்ச் முகத்தைப் பாருங்கள். பழுது பார்த்து வரும் ஸ்டார்ட்டர்களை அழகுக்காகக் கறுப்புப் பெயிண்டில் முக்கி எடுத்திருப்பார்கள். ஸ்டார்ட்டரின் எர்த் இந்த முகம் வழியாகத்தான் போகிறது. பெயிண்டை வெள்ளி மாதிரி மின்னும்வரை சுரண்டுங்கள், ஹவுசிங் பக்கத்தையும் துடையுங்கள். மாட்டும் முன் தரையில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு ஜம்பர் கேபிளால் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். மோட்டார் கிளம்பும்போது முறுக்கிக்கொண்டு துள்ளும், கையில் பிடித்துச் சோதிக்காதீர்கள்.

மாட்டும்போது இரண்டு போல்ட்டையும் விரலால் முழுக்க ஏற்றிவிட்டு, மாற்றி மாற்றி இறுக்கி, 25-இலிருந்து 30 பவுண்ட்-அடிக்குள், அதாவது 34-இலிருந்து 41 நியூட்டன் மீட்டருக்குள் நிறுத்துங்கள். புது வகை ஸ்டார்ட்டரின் சொலினாய்டு ஹவுசிங் வாயில் உரசுகிறதா, லைவ் போல்ட் எஞ்சினின் எந்த இரும்புக்காவது அருகில் இருக்கிறதா என்று டார்ச்லைட் அடித்துப் பாருங்கள். எஞ்சின் கிளட்ச் விடும்போது முன்னும் பின்னும் ஆடும். நிற்கும்போது இருக்கும் ஒரு விரல் இடைவெளி ஓடும்போது இருக்காது. லைவ் போல்ட்டுக்கு ரப்பர் மூடி கட்டாயம்.

வயரிங்கில்தான் பலர் சறுக்குகிறார்கள்

லூகாஸுக்குப் பதில் லூகாஸ் என்றால் பழைய கேபிளை மாட்டினால் முடிந்தது. கியர் ஸ்டார்ட்டருக்கு இரண்டு இணைப்பு வேண்டும்: பெரிய கேபிள், சின்ன சிக்னல் வயர். குறுக்குவழி ஒன்று ஊரில் நடமாடுகிறது: பழைய சொலினாய்டை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டரின் பெரிய முனையையும் சின்ன முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. ஸ்டார்ட் ஆகும். ஆனால் சாவியை விட்ட பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் காந்த மோட்டார் ஒரு டைனமோவாக மாறி, அந்தத் துண்டு வயர் வழியாகத் தன் சொலினாய்டுக்குத் தானே மின்சாரம் கொடுத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடத் தொடங்கியும் பல் ஒரு கணம் விடாமல் ‘கிர்ர்ர்’ என்று இழுபடும். ஸ்டார்ட்டர் கிளட்ச்சின் ஆயுள் அங்கேதான் போகிறது.

சரியான வழி, பேட்டரிக் கேபிளை நேராக ஸ்டார்ட்டருக்குக் கொண்டு போவது. இங்கே மறக்கக் கூடாதது பிரவுன் வயர்கள். பழைய சொலினாய்டின் பேட்டரிப் பக்க முனையில் அவை பிடித்திருக்கும். காடியின் மற்ற மின்சாரம் முழுக்க அவை வழியாகத்தான் போகிறது. சொலினாய்டைத் தூக்கிவிட்டால் அவற்றுக்கு ஒரு முனைக்கட்டை வேண்டும். பழைய சொலினாய்டை வெறும் முனைக்கட்டையாகவே அங்கே விட்டுவைப்பது எனக்குப் பிடித்த வழி. பேட்டரிக் கேபிள் அதில் வந்து, அதே முனையிலிருந்து இன்னொரு கனமான கேபிள் ஸ்டார்ட்டருக்குப் போகும்.

சாவியிலிருந்து வரும் வெள்ளை-சிவப்பு வயர்தான் சிக்னல். அதை நேரே புது ஸ்டார்ட்டரில் மாட்டாதீர்கள். பல்லைத் தள்ளும் அந்த முதல் கணத்தில் சொலினாய்டு இழுக்கும் மின்சாரம் பழைய சாவி சுவிட்சின் மெல்லிய தகட்டுக்கு அதிகம். 40 ஆம்பியர் ரிலே ஒன்று போடுங்கள்: 85 எர்த்துக்கு, 86 வெள்ளை-சிவப்புக்கு, 30 பேட்டரி முனையிலிருந்து ஃபியூஸ் வழியாக, 87 ஸ்டார்ட்டரின் சின்ன முனைக்கு. 30-க்கும் 87-க்கும் 4 சதுர மி.மீ வயர். கிரில்லுக்குப் பின்னால் மாட்டினால் மழைத்தண்ணீர் நேரே அடிக்கும். வெள்ளத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து நிற்கும் இடம் அது என்று மினிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உள்பக்க விங்கில், முனைகள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள்.

எல்லாம் மாட்டி, எர்த் கேபிளைக் கடைசியாக இறுக்கி, கியர் நியூட்ரலில் இருக்கிறதா பார்த்து, காயிலின் வெள்ளை வயரை இன்னும் மாட்டாமலே இரண்டு வினாடி சாவி போடுங்கள். சுத்தமாகச் சுற்றினால் மேலே சொன்ன நான்கு அளவையும் மறுபடி எடுத்து, தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி மேனுவலுக்குள் செருகிவிடுங்கள். அடுத்த ‘டக்’ வரும்போது எந்த அளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். காயில் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து இழுக்க வேண்டாம், நடுவே அரை நிமிடமாவது ஆறவிடுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு கிரில்லை மறுபடி கழற்றி இரண்டு போல்ட்டையும் கேபிள் நட்டையும் தொட்டுப் பாருங்கள். சுரண்டிய முகத்தில் ஒட்டியிருந்த மிச்சப் பெயிண்ட் நசுங்கியிருந்தால் போல்ட் கால் சுற்று இடம் கொடுக்கும்.